போங்கு ஆட்டமா, சாமர்த்தியமா? புதிதாகச் சர்வதேசக் கால்பந்து பார்ப்பவர்களுக்கு

உலகக் கோப்பை சமயத்தில் முதன்முறையாகக் கால்பந்து பார்க்க உட்காருபவருக்கு அரைமணி நேரத்துக்குள் ஒரு எரிச்சல் வந்துவிடும். தோள் உரசினாலே உருண்டு புரள்கிறார்கள். தன் காலில் பட்டுத்தான் பந்து வெளியே போனது என்று நன்றாகத் தெரிந்தும் 'த்ரோ எனக்குத்தான்' என்று கையைத் தூக்குகிறார்கள். முன்னணியில் இருக்கும் அணியின் கோல்கீப்பர் பந்தை எடுத்து வைப்பதற்குள் விடிந்துவிடும் போலிருக்கிறது. 'என்ன இது, மொத்தமும் போங்கா இருக்கே' என்று டிவியை அணைத்துவிடத் தோன்றும்.

அணைக்க வேண்டாம். இதில் பல ரகங்கள் இருக்கின்றன. வெளிப்படையாக விதியை மீறிவிட்டுத் தண்டனையை வாங்கிக்கொள்பவர் ஒரு ரகம். நடுவரின் கண்ணில் மண்ணைத் தூவுபவர் இரண்டாவது ரகம். ஜெயிப்பதற்காக ஆடாமல் வேறு கணக்குக்காக ஆடுபவர் மூன்றாவது ரகம். முதல் ரகத்தின் மேல் நாம் அளவுக்கு மீறிக் கோபப்படுகிறோம், மூன்றாவதைக் கவனிப்பதே இல்லை என்பது என் எண்ணம். பிரித்துப் பார்க்கப் பழகுவது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: பன்னிரண்டாவது விதியைப் படித்துவிடுங்கள்

கால்பந்துக்கு மொத்தம் 17 விதிகள்தான். அவற்றை வகுப்பது ஃபிஃபா என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது ஐஃபாப் என்ற தனி அமைப்பின் வேலை, ஃபிஃபா அதில் ஓர் உறுப்பினர். விதிப்புத்தகம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எல்லாவற்றையும் படிக்கப் பொறுமை இல்லையென்றால் 12ஆவது விதியை மட்டுமாவது படியுங்கள். ஃபவுல், ஹேண்ட்பால், அட்டை என்று சண்டை வருகிற சமாச்சாரம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

அதில் மூன்று படிநிலைகள் வரும். கவனக்குறைவாக இடித்தால் ஃப்ரீ கிக் மட்டும். எதிராளிக்கு என்ன ஆகும் என்று யோசிக்காமல் முரட்டுத்தனமாகப் பாய்ந்தால் மஞ்சள் அட்டை. அளவுக்கு மீறிய பலத்தோடு, எதிராளிக்கு ஆபத்து வரும்படி மோதினால் சிவப்பு அட்டை. இதைத் தவிர, அடிபடாமலே அடிபட்டதுபோல நடித்து நடுவரை ஏமாற்ற முயன்றால் அதற்கும் மஞ்சள் அட்டை உண்டு. ஹேண்ட்பாலைப் பொறுத்தவரை, பந்து கையில் பட்டாலே குற்றம் ஆகிவிடாது. வேண்டுமென்றே தொட்டாரா, அல்லது கையை இயல்புக்கு மாறாக விரித்து உடம்பைப் பெரிதாக்கி வைத்திருந்தாரா என்றுதான் பார்ப்பார்கள். கோல் அடிப்பவரின் கையில் பட்டு நேராக வலைக்குள் போனாலோ, பட்ட உடனே அவரே அதைக் கோலாக்கினாலோ மட்டும், தெரியாமல் பட்டிருந்தாலும், கோல் செல்லாது.

இதைத் தெரிந்துகொண்டதும் ஒரு விஷயம் பிடிபடும். ஃபவுல் என்பது விதிப்புத்தகமே எதிர்பார்த்து, அதற்கு விலையும் குறித்து வைத்திருக்கும் ஒன்று. 2021 ஜூலை 11 அன்று வெம்ப்லியில் நடந்த யூரோ இறுதி ஆட்டத்தில், வழக்கமான நேரத்தின் கடைசி நிமிடங்களில் இங்கிலாந்தின் புகாயோ சாகா பக்கவாட்டில் வெட்டி ஓடப் பார்த்தார். இத்தாலியின் ஜார்ஜோ கியெலினி பின்னாலிருந்து அவருடைய சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தே நிறுத்திவிட்டார். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் எதையும் மறைக்கவில்லை, மஞ்சள் அட்டையை வாங்கிக்கொண்டு நகர்ந்தார். இதைக் கணக்குப் போட்டுச் செய்த ஃபவுல் என்று சொல்லலாம். கள்ளாட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கொடூரத்தையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1982 உலகக் கோப்பை அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியின் கோல்கீப்பர் ஷூமாக்கர் பாய்ந்து மோதியதில் பிரான்சின் பத்திஸ்தோன் நினைவிழந்து விழுந்தார், பற்கள் போயின. நடுவர் ஃபவுல் கூடக் கொடுக்கவில்லை. 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரான்சின் ஜிதான் தலையால் முட்டினார், சிவப்பு அட்டை வாங்கினார். இரண்டும் பெரிய தவறுகள். ஆனால் இருவருமே யாரையும் ஏமாற்றப் பார்க்கவில்லை.

படி 2: இரண்டு கேள்விகள் கேளுங்கள்

ஏதாவது நடந்ததும் 'யாரை ஏமாற்றினார்?' 'அதற்கு விலை கொடுத்தாரா?' என்று கேட்டுப் பாருங்கள். கையால் பந்தைத் தொட்ட மூன்று புகழ்பெற்ற சம்பவங்களை இந்தக் கேள்விகளால் உரசிப் பார்ப்போம்.

முதலாவது, 1986 ஜூன் 22, மெக்சிகோ நகரின் அஸ்டெகா அரங்கம், அர்ஜென்டினாவுக்கும் இங்கிலாந்துக்கும் உலகக் கோப்பைக் கால் இறுதி. இங்கிலாந்தின் ஸ்டீவ் ஹாட்ஜ் தடுக்கப் போய், பந்து அவர்களுடைய கோலை நோக்கியே மேலெழும்பியது. கோல்கீப்பர் ஷில்டனும் டியேகோ மரடோனாவும் ஒரே நேரத்தில் எகிறினார்கள். மரடோனா உயரம் குறைந்தவர், ஷில்டனோ கையைப் பயன்படுத்தலாம். ஆனாலும் மரடோனாதான் முந்தினார், தலைக்குப் பக்கத்தில் மடக்கி வைத்திருந்த இடது கை முஷ்டியால். துனீசிய நடுவர் அலி பென்னாசுர் லைன்ஸ்மேனைப் பார்த்தார், அங்கிருந்து மறுப்பு எதுவும் வரவில்லை, கோல் என்று அறிவித்தார். அடுத்த நான்காவது நிமிடம் அதே மரடோனா பாதி மைதானத்தைக் கடந்து வரிசையாக ஆட்களை ஏமாற்றி அடித்த கோல் கால்பந்து வரலாற்றின் மிகச் சிறந்த கோல்களில் ஒன்று. அந்த இரண்டாவது கோலின் அழகில் முதலாவதை மன்னித்துவிடுகிறவர்கள் நிறைய. அழகு அழகுதான், ஆனால் நம் கேள்விகளுக்கு விடை மாறாது. நடுவர் ஏமாற்றப்பட்டார், விலை எதுவும் கொடுக்கப்படவில்லை, ஆட்டம் 2–1 என்று முடிந்தது.

இரண்டாவது, 2009 நவம்பர் 18, பாரிஸ், உலகக் கோப்பைத் தகுதிக்கான பிளே-ஆஃப். கூடுதல் நேரத்தில் பிரான்சின் தியெரி ஆன்ரி, எல்லைக்கோட்டைத் தாண்டப் போன பந்தை இடது கையால் இரண்டு முறை தட்டி நிறுத்திக் குறுக்கே அனுப்ப, கல்லாஸ் தலையால் முட்டி கோலாக்கினார். அயர்லாந்து வீரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டு தங்கள் கைகளைத் தட்டிக் காட்டினார்கள், பலன் இல்லை. பிரான்ஸ் 2010 உலகக் கோப்பைக்குத் தென் ஆப்பிரிக்கா போனது. ஆட்டம் முடிந்ததும் கையில் பட்டதை ஆன்ரி மறைக்கவில்லை, ஆனால் நான் நடுவர் இல்லையே என்றார். பிறகு, ஆட்டத்தை மறுபடி நடத்துவதே நியாயம் என்றும் சொன்னார். ஃபிஃபா ஒத்துக்கொள்ளவில்லை. அயர்லாந்து வழக்குப் போடாமல் இருக்க அதன் சங்கத்துக்கு ஃபிஃபா 50 லட்சம் யூரோ கொடுத்தது என்ற விவரம் 2015இல்தான் வெளியே வந்தது. ஆன்ரியின் கை ஒருவேளை அனிச்சையாகப் போயிருக்கலாம். ஆனால் கோல் அறிவிக்கப்பட்ட பிறகு நடுவரிடம் ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு நேரம் இருந்தது. அந்தச் சில நொடிகளில்தான் அது ஏமாற்று ஆகிறது.

மூன்றாவதுதான் சுவாரசியம். 2010 ஜூலை 2, ஜோகன்னஸ்பர்க், உருகுவேக்கும் கானாவுக்கும் கால் இறுதி. ஸ்கோர் 1–1, கூடுதல் நேரமும் முடியும் தறுவாய். கானாவின் ஃப்ரீ கிக், கோல் வாயில் ஒரே அமளி. ஒரு ஷாட்டைக் கோட்டில் நின்ற லூயிஸ் சுவாரெஸ் காலால் தடுத்தார். திரும்பி வந்த பந்தை அடியா தலையால் முட்ட, நிச்சயமாக உள்ளே போகவேண்டிய அதைச் சுவாரெஸ் இரண்டு கைகளாலும் தள்ளிவிட்டார். நடுவர் பார்த்துவிட்டார், சிவப்பு அட்டை, பெனால்டி. சுவாரெஸ் அழுதுகொண்டே வெளியேறினார். அசமோவா ஜியான் அடித்த பெனால்டி மேல் கம்பத்தில் பட்டு எகிறியது. சுரங்கப் பாதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சுவாரெஸ் துள்ளிக் குதித்தார். பெனால்டி ஷூட்-அவுட்டில் உருகுவே 4–2 என்று ஜெயித்தது. அரையிறுதிக்குப் போகும் முதல் ஆப்பிரிக்க நாடு என்ற பெருமை கானாவின் கையை விட்டுப் போனது, 2022இல் மொராக்கோதான் அதை எட்டியது.

உலகத்தில் பாதிப் பேர் இன்றைக்கும் சுவாரெஸைத் திட்டுகிறார்கள். கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். யாரை ஏமாற்றினார்? ஒருவரையும் இல்லை, பட்டப்பகலில் எல்லோரும் பார்க்கச் செய்தார். விலை கொடுத்தாரா? விதியில் இருக்கும் உச்சபட்ச விலையைக் கொடுத்தார், அரையிறுதியிலும் ஆட முடியவில்லை. அநியாயம் நடந்தது உண்மை. ஆனால் அந்த அநியாயம் விலைப்பட்டியலில் இருக்கிறது. ரக்பியில் இப்படி நடந்தால் 'பெனால்டி ட்ரை' என்று புள்ளிகளையே நேரடியாகக் கொடுத்துவிடுவார்கள். கால்பந்தில் கோல் கொடுக்க விதி இல்லை. இன்றைக்கு வீடியோ உதவி நடுவர், அதாவது 'வார்', இருக்கும் காலத்தில் மரடோனாவின் கோலும் ஆன்ரியின் கோலும் நிற்காது. சுவாரெஸ் விஷயத்திலோ வார் வந்தாலும் நடந்தது அப்படியேதான் நடக்கும். மூன்றையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்று நான் சொல்வது அதனால்தான்.

(சுவாரெஸுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். 2014இல் கியெலினியின் தோளைக் கடித்ததற்கு ஒன்பது சர்வதேச ஆட்டங்களும் நான்கு மாதமும் தடை வாங்கினார். அதற்கெல்லாம் சமாதானமே கிடையாது.)

படி 3: விழுவதைப் பார்க்கும்போது முழு வேகத்தில் பாருங்கள்

டைவ் அடித்தாரா, நிஜமாகவே தடுக்கி விழுந்தாரா என்பதுதான் புதியவர்களை அதிகம் குழப்பும். வேகமாக ஓடுபவருக்குச் சின்னத் தட்டல் போதும், விழுந்துவிடுவார். ஸ்லோ மோஷனில் அது ஒன்றுமில்லாததுபோலத் தெரியும். நேர்மாறாகவும் நடக்கும், சாதாரண மோதலை ஸ்லோ மோஷன் கொலை முயற்சிபோலக் காட்டும். வார் நடுவர்களுக்கான நடைமுறையிலேயே இது இருக்கிறது. எங்கே பட்டது என்பதை அறிய ஸ்லோ மோஷன், எவ்வளவு பலமாகப் பட்டது என்பதை அறிய இயல்பான வேகம். நாமும் அதையே செய்யலாம்.

கவனிக்க வேண்டியவை: பட்டதற்கும் விழுந்ததற்கும் இடையே ஓர் அடி எடுத்து வைத்தாரா? கால்தான் தடுக்கியது என்றால் கைகள் தரையில் ஊன்றத் தானாகவே முன்னே வரும், இரண்டு கைகளும் மேலே பறந்தால் சந்தேகப்படலாம். தானே காலை நீட்டி எதிராளியின் காலில் மாட்டிக்கொண்டாரா? விழும்போதே கண் நடுவரைத் தேடுகிறதா? இதில் எதுவும் தனியாக நிரூபணம் ஆகாது. இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் ஓரளவு நம்பலாம்.

பட்ட இடத்தையும் பிடித்துக்கொள்ளும் இடத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது. 2002 ஜூன் 3, தென் கொரியாவின் உல்சான், பிரேசில் துருக்கியை 2–1 என்று முந்தியிருக்கிறது, நேரம் முடியப் போகிறது. கார்னர் கொடியருகே நின்ற ரிவால்டோவை நோக்கி ஹக்கான் உன்சால் எரிச்சலில் பந்தை ஓங்கி உதைத்தார். பந்து பட்டது காலில். ரிவால்டோ இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சாய்ந்தார். உன்சாலுக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை, வெளியே. ரீப்ளே பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஃபிஃபா ரிவால்டோவுக்குப் போட்ட அபராதம் 11,500 சுவிஸ் ஃபிராங்க், ஆட்டத் தடை எதுவும் இல்லை. அவர் தொடர்ந்து ஆடினார், பிரேசில் கோப்பையையும் தூக்கியது. உன்சால் பந்தை உதைத்தது தப்பு இல்லையா என்றால், தப்புதான். அதற்காக ரிவால்டோவின் முகத்துக்கு வலி வந்துவிடாது.

நெதர்லாந்தின் ஆர்யன் ராபன் வேறு மாதிரி. 2014இல் மெக்சிகோவை 2–1 என்று வென்ற பிறகு, முதல் பாதியில் ஒரு முறை வேண்டுமென்றே விழுந்தேன் என்று தானாகவே ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார், கடைசி நிமிடப் பெனால்டி மட்டும் நிஜம் என்றார். அவர் சொன்னதில் அந்தப் பெனால்டி பற்றிய பகுதியை மெக்சிகோக்காரர்கள் இன்றுவரை நம்பவில்லை. டைவ் அடிப்பவருக்கு இது ஒரு தண்டனை, நிஜமாக விழுந்தாலும் ஊர் நம்பாது. 2018இல் கோஸ்டாரிகாவுக்கு எதிராக நெய்மார் பின்னால் சாய்ந்ததற்குக் கொடுத்த பெனால்டியை நடுவர் கைப்பர்ஸ் திரையைப் பார்த்துவிட்டு ரத்து செய்தார். வார் வந்த முதல் உலகக் கோப்பை அது.

நடிப்பின் உச்சம் எதுவரை போகும் என்று தெரிய வேண்டுமானால் 1989 செப்டம்பர் 3ஐப் பாருங்கள். ரியோவின் மரக்கானா அரங்கத்தில் பிரேசிலிடம் 0–1 என்று பின்தங்கியிருந்தது சிலி, தோற்றால் 1990 உலகக் கோப்பை இல்லை. பார்வையாளர் பக்கமிருந்து ஒரு தீப்பந்து மைதானத்தில் விழுந்தது. கோல்கீப்பர் ரொபெர்த்தோ ரோஹாஸ் அதன் புகைக்குள் ரத்தம் வழியக் கிடந்தார். சிலி அணி அவரைத் தூக்கிக்கொண்டு மைதானத்தை விட்டே வெளியேறியது. பிறகு வந்த புகைப்படங்களில் தீப்பந்து அவர் மேல் படவே இல்லை என்பது தெரிந்தது. கையுறைக்குள் ஒளித்து வைத்திருந்த பிளேடால் தானே நெற்றியைக் கீறிக்கொண்டிருந்தார். ஆட்டம் பிரேசிலுக்குப் போனது, 1994 உலகக் கோப்பைக்கான தகுதிச்சுற்றிலும் சிலிக்கு இடமில்லை என்று ஃபிஃபா சொன்னது. ரோஹாஸுக்கு வாழ்நாள் தடை, 2001இல்தான் அதை நீக்கினார்கள்.

படி 4: நேரத்தைக் கடத்துவதைப் பெரிதுபடுத்தாதீர்கள்

காலில் சுளுக்கு, ஷூ லேஸ், மெதுவான த்ரோ, மாற்றப்படும் ஆட்டக்காரர் ஊர்வலம்போல வெளியேறுவது எல்லாம் எரிச்சல் தரும் சில்லறை விஷயங்கள். விதிகளே கொஞ்சம் கொஞ்சமாக இதைச் சரிசெய்துகொண்டு வருகின்றன. 2025 ஜூலையிலிருந்து கோல்கீப்பர் 8 நொடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர், கடைசி 5 நொடிகளை நடுவர் விரல்களால் எண்ணிக் காட்டுவார். 2022 இறுதி ஆட்டத்தின் ஷூட்-அவுட்டில் அர்ஜென்டினாவின் எமிலியானோ மார்டினெஸ், பெனால்டி அடிக்க வந்த சுவாமெனிக்குப் பந்தைக் கொடுக்காமல் தூரமாகத் தூக்கிப் போட்டார். சுவாமெனி வெளியே அடித்தார். அடுத்த ஆண்டே, அடிப்பவரின் கவனத்தை நியாயமில்லாமல் கலைக்கக் கூடாது என்று விதியில் சேர்த்துவிட்டார்கள். நாளைக்கு இன்னொருவர் இன்னொரு ஓட்டை கண்டுபிடிப்பார்.

படி 5: கையில் புள்ளிப்பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள்

குழுச் சுற்றின் கடைசி ஆட்டம் என்றால் மைதானத்தை மட்டும் பார்த்தால் போதாது. யாருக்கு எந்த ஸ்கோர் தேவை என்று முதலிலேயே கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ரகக் கள்ளாட்டம் இங்கேதான் ஒளிந்திருக்கும். யாரும் விழ மாட்டார்கள், யாரும் கையால் தொட மாட்டார்கள், நடுவருக்கு ஊத வேலையே இருக்காது.

1982 ஜூன் 25, ஸ்பெயினின் கிஹோன். மேற்கு ஜெர்மனியை முதல் ஆட்டத்திலேயே 2–1 என்று வீழ்த்திய அல்ஜீரியா, தன் கடைசி ஆட்டத்தை முந்தைய நாளே முடித்துவிட்டது. ஜெர்மனி ஓரிரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் ஜெர்மனி, ஆஸ்திரியா இரண்டுமே உள்ளே, அல்ஜீரியா வெளியே. ஆரம்பத்திலேயே ஹ்ரூபெஷ் ஒரு கோல் போட்டார். இரண்டு அணிக்கும் தேவையானது கிடைத்துவிட்டது, மிச்ச நேரம் பெரும்பாலும் பந்தை இங்கேயும் அங்கேயும் தட்டிக்கொண்டிருந்தார்கள். காசு வாங்கிவிட்டீர்கள் என்பதுபோல அல்ஜீரிய ரசிகர்கள் பணத்தாள்களை ஆட்டிக் காட்டினார்கள். அல்ஜீரியா புகார் கொடுத்தது, எந்த விதியும் மீறப்படவில்லை என்று ஃபிஃபா தள்ளுபடி செய்தது. அதற்குப் பிறகுதான், 1986 முதல், ஒரு குழுவின் கடைசி இரண்டு ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் நடத்துகிறார்கள்.

அதோடு ஓட்டை முழுவதும் அடைபட்டுவிடவில்லை. மூன்றாம் இடத்தில் வரும் அணிகளில் சிலவற்றுக்கும் இடம் கொடுக்கும் போட்டிகளில், யூரோவும் 48 அணிகள் ஆடும் உலகக் கோப்பையும் அப்படித்தான், எல்லாக் குழுக்களும் ஒரே நாளில் முடிவதில்லை. கடைசியாக ஆடும் குழுவுக்கு எத்தனை புள்ளி போதும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். அந்த ஆட்டங்களின் கடைசி இருபது நிமிடத்தைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பாருங்கள்.

சில சமயம் வீரர்களைக் குறைசொல்வதைவிடப் போட்டியின் விதியை எழுதியவரைத்தான் கேட்க வேண்டும். 1994 ஜனவரியில் கரீபியன் கோப்பைத் தகுதிச்சுற்றில் பார்படோஸ் கிரெனடாவை இரண்டு கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். அந்தப் போட்டியில் கூடுதல் நேரத்தில் விழுந்ததுமே ஆட்டத்தை முடித்துவைக்கும் 'தங்க கோலுக்கு' இரண்டு கோல் மதிப்பு என்று ஒரு விசித்திர விதி. 2–0 என்று இருந்த ஆட்டத்தில் 83ஆவது நிமிடம் கிரெனடா ஒன்று போட்டது, 2–1. மிச்ச நேரத்தில் இன்னொரு கோல் அடிப்பதைவிட ஆட்டத்தைச் சமன் செய்து கூடுதல் நேரத்துக்கு இழுப்பது சுலபம் என்று பார்படோஸுக்குப் புரிந்தது. தன் வலைக்குள் தானே பந்தை அடித்தது, 2–2. கிரெனடாவுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. 2–3 என்று தோற்றாலும் அவர்கள் தகுதி பெறுவார்கள். எனவே எந்தப் பக்கம் கோல் விழுந்தாலும் சரி என்று இரண்டு பக்கமும் ஓடினார்கள், பார்படோஸ் ஆட்கள் இரண்டு கோல்களையும் காவல் காத்தார்கள்! கடைசியில் கூடுதல் நேரத்தில் பார்படோஸ் ஒன்று போட்டு 4–2 என்று வென்றது. இதில் யாரைத் தண்டிப்பது? யாரையும் தண்டிக்கவில்லை, அதுதான் சரி. இரண்டு அணிகளுமே அடுத்த சுற்றுக்குப் போகத்தான் உயிரைக் கொடுத்து ஆடின.

1998இல் ஹோ சி மின் நகரில் நடந்த தாய்லாந்து–இந்தோனேசியா ஆட்டத்துக்கு அந்தச் சமாதானம் கிடையாது. தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்கான டைகர் கோப்பை. இரண்டும் அரையிறுதிக்குப் போய்விட்டன, ஜெயித்தால் வியட்நாமை அதன் சொந்த ஊரில் எதிர்கொள்ள வேண்டும் என்பதால் இரண்டுக்குமே ஜெயிக்க ஆசையில்லை. கடைசி நிமிடங்களில் இந்தோனேசியாவின் முர்சித் எஃபெண்டி வேண்டுமென்றே தன் வலைக்குள் அடித்தார், அதைத் தடுக்க ஓடி வந்தவர்கள் தாய்லாந்து வீரர்கள். இரு நாடுகளுக்கும் தலா 40,000 டாலர் அபராதம், எஃபெண்டிக்குச் சர்வதேசக் கால்பந்திலிருந்து வாழ்நாள் தடை. இவ்வளவும் செய்து இரண்டு அணிகளும் அரையிறுதியிலேயே தோற்றன என்பது தனிக் கதை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு சம்பவம் இருக்கிறது, அதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன். 2018 ஜூன் 28, ஜப்பான் போலந்திடம் 0–1 என்று பின்தங்கியிருந்தது. இன்னோர் அரங்கில் செனகல் கொலம்பியாவிடம் அதே ஸ்கோரில் பின்தங்கியிருந்தது. ஜப்பானும் செனகலும் புள்ளி, கோல் எல்லாவற்றிலும் சமம். ஜப்பானுக்கு 4 மஞ்சள் அட்டைகள், செனகலுக்கு 6. ஒழுக்கப் புள்ளியில் ஜப்பான் மேலே. கடைசிப் பத்து நிமிடம் ஜப்பான் தன் பாதிக்குள்ளேயே பந்தைத் தட்டிக்கொண்டு தோல்வியைப் பத்திரமாகப் பாதுகாத்தது, அரங்கமே ஊளையிட்டது. செனகல் ஒரு கோல் போட்டிருந்தால் ஜப்பான் வீட்டுக்குப் போயிருக்கும். நேர்மைக்கான புள்ளியில் முன்னேறுவதற்காக ஆடாமல் நின்ற அணி, அதன் ரசிகர்களோ ஆட்டம் முடிந்தால் அரங்கத்தைச் சுத்தம் செய்துவிட்டுப் போகிறவர்கள். எனக்கு இது பிடிக்கவில்லை, ஆனால் ஏமாற்று என்று சொல்ல முடியவில்லை. எதிரணியோடு எந்த உடன்பாடும் இல்லை, ரிஸ்க் முழுவதும் தன்னுடையது.

படி 6: மைதானத்துக்கு வெளியே நடப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

டிவியில் தெரியாத ஏமாற்றுதான் பெரிய ஏமாற்று. 2016 நவம்பரில் தென் ஆப்பிரிக்கா–செனகல் தகுதிச்சுற்று ஆட்டத்தில் பந்து குலிபாலியின் முழங்காலில் பட, கானா நாட்டு நடுவர் ஜோசப் லாம்ப்டே ஹேண்ட்பால் என்று பெனால்டி கொடுத்தார். நடுவர் கவனப்பிசகு என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். விசாரணையில் அவர் ஆட்டத்தின் முடிவில் வேண்டுமென்றே கைவைத்தது உறுதியாகி, ஃபிஃபா வாழ்நாள் தடை விதித்தது. ஆட்டத்தை மறுபடி நடத்தினார்கள், செனகல் 2–0 என்று வென்று 2018 உலகக் கோப்பைக்குப் போனது.

2010 செப்டம்பரில் பஹ்ரைன், டோகோ அணியை நட்பு ஆட்டம் ஒன்றில் 3–0 என்று வென்றது. நாங்கள் அணி எதையும் அனுப்பவே இல்லையே என்றது டோகோ சங்கம்! முழு அணியே போலி. நட்பு ஆட்டங்களின் மேல் யாருக்கும் கவனம் இல்லாததால் சூதாட்டக் கும்பல்களுக்கு அவைதான் வசதி.

வயது மோசடி இன்னொரு கிளை. 1988இல் 20 வயதுக்குட்பட்டோர் தகுதிப் போட்டியில் வயது கூடியவர்களை ஆடவிட்டதற்காக மெக்சிகோவின் எல்லா அணிகளுக்கும் இரண்டு ஆண்டுத் தடை, 1990 உலகக் கோப்பையும் போயிற்று. 2009 முதல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்துச் சோதிக்கிறார்கள். வேவு பார்ப்பதும் உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நியூசிலாந்து பெண்கள் அணியின் பயிற்சியைக் கனடாவின் பயிற்சிக் குழு ட்ரோன் விட்டுப் பார்த்தது. 6 புள்ளிகள் கழிப்பு, பயிற்சியாளர் பெவ் பிரீஸ்ட்மனுக்கு ஓராண்டுத் தடை. ட்ரோன் விட்டது ஒருவர், புள்ளி போனது ஆட்டக்காரிகளுக்கு. அவர்கள் மூன்று குழு ஆட்டங்களையும் ஜெயித்து, கழித்தது போக மீதியிருந்த 3 புள்ளிகளோடு கால் இறுதிக்குப் போனார்கள்.

படி 7: சட்டையை மாற்றிப் போட்டுப் பாருங்கள்

இதைச் சொல்வது சுலபம், செய்வது கஷ்டம். தீர்ப்புச் சொல்லும் முன், இதையே என் அணி செய்திருந்தால் என்ன சொல்வேன் என்று கேட்க வேண்டும். 2010 உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் ஃபிராங்க் லாம்பார்ட் அடித்த பந்து மேல் கம்பத்தில் பட்டுக் கோட்டைத் தாண்டி நன்றாக உள்ளே விழுந்தது. ஜெர்மன் கோல்கீப்பர் நோயர் ஒன்றும் நடக்காததுபோலப் பந்தை எடுத்து ஆட்டத்தைத் தொடர்ந்தார், நடுவர் கோல் கொடுக்கவில்லை. தான் சட்டென்று தொடர்ந்த விதமே நடுவரை நம்பவைத்திருக்கும் என்று பின்னர் அவரே சொன்னார். நோயர் ஒழுக்கமான ஆட்டக்காரர் என்று பெயரெடுத்தவர், அவரை யாரும் ஏமாற்றுக்காரர் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஆனால் ஆன்ரி செய்ததற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? ஆன்ரியைத் திட்டுபவர்கள் நோயரை ஏன் விட்டுவிடுகிறார்கள்? அடுத்த 2014 உலகக் கோப்பையிலேயே கோல்கோட்டுத் தொழில்நுட்பம் வந்து, அந்த வாய்ப்பையே இல்லாமல் செய்துவிட்டது.

படி 8: நல்லதையும் எண்ணுங்கள்

எழுதப்படாத வழக்கங்கள் சில உண்டு. ஒருவர் அடிபட்டுக் கிடந்தால் பந்தை வெளியே அடிப்பார்கள், எதிரணி அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். விதிப்புத்தகத்தில் இப்படி ஒரு கட்டாயம் கிடையாது. 2006இல் நியூரம்பர்க்கில் போர்ச்சுகலுக்குப் பந்தைத் திருப்பித் தராமல் நெதர்லாந்து தொடர்ந்து ஆடியதும், டெக்கோ ஆத்திரத்தில் ஓடிப்போய் ஹைட்டிங்காவை வீழ்த்தினார், கைகலப்பு. அந்த ஆட்டத்தில் மொத்தம் 16 மஞ்சள் அட்டைகளும் 4 சிவப்பு அட்டைகளும் காட்டப்பட்டன. அந்த வழக்கத்தை ஆட்டக்காரர்கள் எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது அவ்வளவாகப் பேசப்படாத ஓர் ஆட்டம். 2003 பிப்ரவரி, ஹாங்காங், டென்மார்க்கும் ஈரானும். முதல் பாதி முடியும் நேரம், பார்வையாளர் பக்கமிருந்து யாரோ விசில் ஊதினார்கள். இடைவேளை என்று நினைத்து ஈரான் வீரர் ஒருவர் தன் பெனால்டி பகுதிக்குள் பந்தைக் கையில் எடுத்துவிட்டார். விதிப்படி பெனால்டிதான், நடுவர் வேறென்ன செய்ய முடியும்? டென்மார்க்கின் மோர்டன் வீகோர்ஸ்ட் பயிற்சியாளர் மோர்டன் ஓல்சனிடம் போய்ப் பேசினார். திரும்பி வந்து பந்தை வேண்டுமென்றே கோலுக்கு வெளியே தட்டிவிட்டார். டென்மார்க் அந்த ஆட்டத்தில் 0–1 என்று தோற்றது.

பழகுவதற்கு

இந்த ஆட்டங்களில் பலவற்றின் காட்சிகள் இணையத்தில் தேடினால் கிடைக்கும். முதலில் உருகுவே–கானாவின் கடைசி ஐந்து நிமிடம், பிறகு பிரான்ஸ்–அயர்லாந்து கோல், பிறகு ரிவால்டோ. ஒவ்வொன்றையும் ஒருமுறை முழு வேகத்தில் பார்த்துவிட்டு, ஸ்லோ மோஷன் வருவதற்குள் நிறுத்தி, நீங்கள் நடுவராக இருந்தால் என்ன கொடுப்பீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அப்புறம் ரீப்ளே பாருங்கள். வர்ணனையின் சத்தத்தைக் குறைத்துவிடுவது நல்லது, வர்ணனையாளருக்கும் ஒரு நாடு இருக்கும். நேரலைக்கு வரும்போது, உங்களுக்கு எந்தப் பாசமும் இல்லாத இரண்டு நாடுகளின் குழுச் சுற்று ஆட்டத்தில் தொடங்குங்கள். உங்கள் அணியின் ஆட்டத்தை ஒரு மாதம் கழித்து வைத்துக்கொள்ளலாம்.